நான் பிரதம விருந்தினரான கதை

வேலை நிமித்தம் வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. பெட்டிக்குள் என்ன வைக்கலாம், விமானத்தில் காது அடைத்தால் என்ன செய்வது, அந்த ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவருமா என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். நான் எந்த வெளிநாட்டுக்கும் போனவனில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை கழுத்தில் மாலையோடு மேடையேறி இந்த ஆலோசனைகளைச் சொல்லிவிட்டு வருகிறேன். இது எப்படி வந்தது என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை விட்டுவிடுங்கள்.

என் பெயர் தயாபரன், ஊர் உருத்திரபுரம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் மெசின் திருத்தும் வேலை பார்த்தேன். கார்த்திகை வெள்ளம் எங்கள் வயலை வாரிக்கொண்டு போன கையோடு, தொழிற்சாலையும் எங்கள் பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. நானும் மனைவி ஜெயரூபியும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கதவு திறந்தது. கம்பனியின் ஜோர்தான் கிளைக்கு ஒரு மெக்கானிக் தேவை, என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு கட்டுநாயக்காவில் விமானம் ஏறவேண்டும். ஏறாவிட்டால் அந்த இடம் வேறு கிளையில் காத்திருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும். இங்கே திரும்பி வந்து நிற்க எனக்கு வேலையும் இருக்காது.

இடையில் ஒரேயொரு காரியம்தான் பாக்கி. விமான நிலையத்தில் காட்டுவதற்குப் பயண முன்னாயத்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமாம். அந்தப் பயிற்சி நிலையம் மாங்குளத்தில் இருந்தது. திங்கள் தொடங்கி வெள்ளி மத்தியானம் முடியும், பின்னேரம் நிலைய வாசலில் இருந்தே கட்டுநாயக்காவுக்கு வான் புறப்படும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விடியப் போய் இறங்கினால் அங்கே கலியாண வீடே தோற்றுவிடும். வாசலில் வாழைமரம், நிறைகுடம், சந்தனக் கிண்ணம். மண்டபத்துக்குள் பெரிய பனர். நடுவில் என் நெஞ்சளவு உயரத்தில் ஒரு குத்துவிளக்கு; ஐந்து முகத்திலும் திரி போட்டு எண்ணெய் தளும்ப விட்டிருந்தார்கள். பக்கத்துத் தட்டில் மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும். நாங்கள் இருபது பேரளவில் கதிரைகளில் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் சுதர்சினி. தாத்தா காலத்தில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. என்னுடைய அதே தொழிற்சாலை, அதே ஜோர்தான், அதே விமானம். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நிலையப் பொறுப்பதிகாரி யோகலிங்கம் சேர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பான பயிலுநர்களே, கொழும்பில இருந்து மேலதிகப் பணிப்பாளர் எங்கட பிரதம விருந்தினரா வாறார். அவர் வந்து மங்கள விளக்கை ஏத்தினாத்தான் பயிற்சி ஆரம்பிச்சதாக் கணக்கு. அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் படிச்சுப்போடாதேங்கோ."

மத்தியானமானது. பிரதம விருந்தினர் வரவில்லை. அவருடைய மாலை வாடத் தொடங்கியது. நிலையத்தில் தேத்தண்ணி போடும் அன்னபாக்கியம் அக்கா அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

"அண்ணே, இவங்க எப்பதான் பாடம் தொடங்குவாங்க?" என்று சுதர்சினி என்னிடம் கேட்டாள்.

நான் எழும்பிப் போய் யோகலிங்கம் சேரிடம் கேட்டேன். "சேர், அவர் வராட்டிலும் நாங்கள் படிப்பைத் தொடங்கலாம்தானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, படிப்பு எப்பவும் படிக்கலாம். ஆரம்பம் ஒருக்காத்தான் வரும். இந்த நிலையத்தில நடந்த எல்லாப் பயிற்சிக்கும் விளக்கேத்தின படம் இருக்கு. படிப்பிச்ச படம் ஒண்டு கூட இல்லை. இண்டைவரைக்கும் மேலிடம் ஒரு குறை சொன்னதில்லை."

அடுத்த நாளும் அவர் வரவில்லை. சும்மா இருத்தி வைத்தால் பயிலுநர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்று ஆலோசகர் விமலேஸ்வரி மிஸ் 'ஆரம்பத்துக்கு முந்திய அமர்வு' என்று ஒன்றை வைத்தார். கதிரைகளை இரண்டு இரண்டாக அடுக்கி விமானம் ஆக்கினார்கள். பழைய வான் ஒன்றின் பெல்ற்றுகளை வெட்டிக் கதிரைகளில் கட்டியிருந்தார்கள். அன்னபாக்கியம் அக்கா விமானப் பணிப்பெண்ணாக வந்து, "குடியுங்கோ பிள்ளையள், ஆறப்போகுது" என்று பிளேன் ரீ கொடுத்தார். அந்தப் பயிற்சி முழுவதிலும் எனக்கு விளங்கியது அது ஒன்றுதான்.

விமானம் இறங்கியதும் யோகலிங்கம் சேர் குடிவரவு அதிகாரியாகி மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் ஒருமுறை மலேசியாவுக்கு அனுபவப் பகிர்வுப் பயணம் போனவர். அங்கே வயிற்றோட்டம் பிடித்து ஹோட்டல் அறையை விட்டு வெளியே வராமலே திரும்பி வந்தவர். நிலையத்தில் கடல் தாண்டியவர் அவர் ஒருவர்தான், அதனால் உலக அனுபவம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது.

"எதுக்கு எங்கட நாட்டுக்கு வந்தனீர்?" என்று கேட்டார்.

"வேலைக்கு, சேர்."

"பிழை. 'என் தாய்நாட்டின் அந்நியச் செலாவணியைப் பெருக்கும் உயரிய நோக்கத்தோடு வந்தேன்' எண்டு சொல்லவேணும். வரிசையில கடைசிக்குப் போம்."

"சேர், ஜோர்தான்காரருக்கு எங்கட செலாவணியில என்ன அக்கறை?"

"அது அவையின்ர பிரச்சினை. போம் பின்னால."

பிறகு காலநிலைப் பயிற்சி. ஜோர்தானில் மாரிகாலத்தில் குளிருமாம். நிலையத்தில் ஒரேயொரு குளிர்ச்சட்டை இருந்தது. மாங்குளத்து வெயிலில், காத்தாடியையும் நிறுத்திவிட்டு, எல்லோரும் அதை முறைவைத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். என் முறை வந்தபோது அதற்குள் முன்னவர்களின் வேர்வை ஊறிப்போயிருந்தது. முகத்தில் குளிர் தெரியவில்லை என்று மிஸ் இரண்டாம் முறையும் எடுக்கச் சொன்னார்.

புதன்கிழமை அழுகைப் பயிற்சி. "அங்க போய் நிண்டு வீட்டை நினைச்சு அழுதா உற்பத்தி குறையும். அதால அழுறதை எல்லாம் இஞ்சயே அழுது முடிச்சிட்டுப் போங்கோ" என்றார் விமலேஸ்வரி மிஸ். ஆம்பிளைகள் நாங்கள் கண்ணைக் கசக்கிப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. சுதர்சினி மட்டும் குனிந்து தன் கைபேசியில் குழந்தையின் படத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், பிள்ளை விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டாள். மார்பில் பால் சுரந்து சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. மிஸ் எங்களைப் பார்த்து, "பாத்தீங்களோ, இப்பிடித்தான். எல்லாரும் கை தட்டுங்கோ" என்றார். தட்டினோம். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இவ்வளவுக்கும் இடையில் தினமும் காலையில் ஒரு காரியம் தவறாமல் நடந்தது. அதுதான் வரவேற்பு ஒத்திகை. பிரதம விருந்தினர் எந்த நிமிடமும் வந்துவிடலாம் அல்லவா? அவருக்குப் பதிலாக நடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் நல்ல நீளக்காற்சட்டை போட்டிருந்தேன், கொஞ்சம் வயிறும் இருந்தது. "உமக்குத்தான் அந்தத் தோற்றம் இருக்கு" என்று யோகலிங்கம் சேர் என்னைப் பிடித்துவிட்டார். காலையில் வாசலில் நிற்பேன், மாலை போடுவார்கள், பெண்பிள்ளைகள் பூத் தூவுவார்கள். விளக்கடிக்கு வந்து கொளுத்தாத மெழுகுதிரியைத் திரியில் வைப்பதுபோல் வைப்பேன். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு என்னைப் போய்க் கதிரையில் இருக்கச் சொல்வார்கள்.

வியாழக்கிழமை காலை ஒத்திகைக்கு முன் கம்பனி மனேஜர் கைபேசியில் வந்தார். "தயாபரன், நாளைக்கு நீர் ஏறாட்டி மற்ற ஆளை அனுப்பிப்போடுவம். அவர் பெட்டி கட்டிக்கொண்டு இருக்கிறார்" என்றார். நான் ஓடிப்போய் யோகலிங்கம் சேரின் கையைப் பிடித்தேன்.

"சேர், நாளைக்கும் அவர் வராட்டி?"

"வராட்டி என்ன, அடுத்த கிழமை முதல்ல இருந்து தொடங்குவம். பதட்டப்படாதையும். போய் வாசல்ல நில்லும், மேளகாரர் காத்துக்கொண்டு நிக்கினம்."

போய் நின்றேன். மாலை விழுந்தது, பூ விழுந்தது. ஜெயரூபி எனக்காகப் பொரித்து வைத்த பருத்தித்துறை வடையும், மூத்த மகன் என் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரும் கண்ணுக்குள் வந்தன. "இப்போது எமது பிரதம விருந்தினர் அவர்கள் மங்கள விளக்கை ஏற்றி நிகழ்வை ஆரம்பித்து வைப்பார்" என்று மிஸ் மைக்கில் சொன்னார். விளக்கு ஏறவேண்டும், அவ்வளவுதானே. எனக்குப் பொறுமை போய்விட்டது. தட்டில் இருந்த நெருப்புப் பெட்டியை எடுத்து, குச்சியைக் கிழித்து, மெழுகுதிரியைக் கொளுத்தி, விளக்கின் முதல் முகத்தை ஏற்றிவிட்டேன்.

நல்ல எண்ணெய் போலிருக்கிறது. டக்கென்று பிடித்தது.

பழக்கதோஷத்தில் எல்லோரும் எழும்பி நின்றார்கள். படப்பிடிப்பாளர் பழக்கதோஷத்தில் படம் எடுத்தார். அன்னபாக்கியம் அக்கா கைகூப்பி, "முருகா" என்றார். அதற்குப் பிறகுதான் யோகலிங்கம் சேருக்கு உயிர் வந்தது.

"ஐயோ! என்ன வேலை பாத்தீர்! அணையுங்கோ! ஆராவது அணையுங்கோ!"

அன்னபாக்கியம் அக்கா விளக்குக்கு முன்னால் வந்து நின்றார். "மங்கள விளக்கை அணைக்கிறதோ? பிள்ளையள் கடல் கடந்து போக வெளிக்கிட்டு நிக்குதுகள். என்ர கண்ணுக்கு முன்னால ஒருத்தர் இதை ஊதிப் பாக்கட்டும்." சொன்னதோடு நில்லாமல், குசினிக்குள் போய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து விளக்கடியிலேயே கதிரை போட்டு இருந்துவிட்டார். எண்ணெய் குறையக் குறைய ஊற்றினார்.

உடனடியாக அவசரக் கூட்டம் கூடியது. அணைக்கவும் முடியாது, ஏற்றிய விளக்கைத் திரும்ப ஏற்றவும் முடியாது என்று யோகலிங்கம் சேர் தலையில் கை வைத்தார். விமலேஸ்வரி மிஸ் ஒரு வழி சொன்னார்: "சேர், ஐஞ்சு முகத்தில ஒண்டுதானே எரியுது. பயிற்சி ஐஞ்சில ஒரு பங்குதான் ஆரம்பிச்சிருக்கு. மிச்சத்தைப் பிரதம விருந்தினர் ஏத்தட்டும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ, மிஸ். ரெண்டாம் முகம் சிறப்பு விருந்தினருக்கு. மேலதிகப் பணிப்பாளரை ரெண்டாவதா ஏத்தச் சொன்னா என்ர வேலை போயிடும்."

நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். இத்தனை பேச்சிலும் எங்கள் விமானத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்னபாக்கியம் அக்கா வீட்டுக்கே போகவில்லை. யோகலிங்கம் சேரின் முகம் மலர்ந்திருந்தது. கொழும்பில் மேலதிகப் பணிப்பாளரோடு கதைத்துவிட்டாராம்.

"ஆரம்பிச்சாச்செண்டா நான் ஏன் வாறது, ஏத்தின ஆள்தான் பிரதம விருந்தினர், அவரை வைச்சே முடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டார். படமும் இருக்கு, மாலையும் இருக்கு. பயிற்சி முறைப்படி ஆரம்பிச்சு, முறைப்படி முடியுது. இண்டைக்கு எல்லாருக்கும் சான்றிதழ்!"

மண்டபமே துள்ளியது. சுதர்சினி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. முருகா, தப்பினேன் என்று நினைத்தேன்.

"சான்றிதழைப் பிரதம விருந்தினர் தன்ர கையால வழங்குவார்" என்று சேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குடுக்கிறன் சேர், சந்தோசமாக் குடுக்கிறன். என்ரய எனக்கு ஆர் தருவினம்?"

"உமக்கோ? நீர் பிரதம விருந்தினர் எல்லோ?"

"ஓம், ஆனா நான் பயிலுநரும்தானே சேர்."

சேர் என் தோளில் கை போட்டு ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி தயாபரன், நீங்கள் விளங்காமக் கதைக்கிறியள்." முதல்முறையாக என்னை 'நீங்கள்' என்றார். "ஒருத்தர் தன்ர கையால தனக்கே சான்றிதழ் குடுக்கேலாது. அதுக்குப் பேர் ஊழல். இந்த நிலையத்தில ஊழலுக்கு இடமில்லை. வேணுமெண்டா நீங்கள் பிரதம விருந்தினரா இருக்க ஏலாதெண்டு சொல்லலாம். அப்பிடிச் சொன்னா விளக்கை ஆரோ களவா ஏத்தினதாப் போயிடும். இந்தக் கிழமை முழுக்கச் செல்லாது. ஒருத்தருக்கும் சான்றிதழ் இல்லை. எல்லாம் உங்கட கையில."

"சேர், எனக்கு வீட்டில அடுப்பெரியாது சேர். எனக்குப் போக்கிடம் இல்லை. காலில விழுறன்."

"ஐயையோ, பிரதம விருந்தினர் காலில விழக்கூடாது. ஆராவது படம் எடுத்துப்போடுவினம்."

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் விமானம் இருந்தது, வீடு இருந்தது. சுதர்சினிதான் கடைசியில் மெல்லக் கூப்பிட்டாள்.

"அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் அவளால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் விடவும் முடியவில்லை. நான் என்ன செய்ய? ஓம் என்று தலையாட்டினேன்.

மேளம் அடித்தது. இந்த முறை மாலையைக் கழற்றி வாங்கவில்லை. பச்சைப் பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்புரையில் யோகலிங்கம் சேர், "தன் சொந்த அலுவல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு எமக்காக நேரம் தந்த பிரதம விருந்தினர் அவர்கள்" என்று என்னைக் குறிப்பிட்டார். அந்த நிலையத்தில் நான் கேட்ட ஒரேயொரு உண்மை அதுதான். பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் என் கையால் சான்றிதழ் கொடுத்தேன். சுதர்சினி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, படத்துக்கு நிற்காமலே இறங்கிப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயரூபி பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றாள். என்னை வழியனுப்ப வந்தவள். மேடையில் மாலையும் பொன்னாடையுமாக நான் நிற்பதைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. போகிறவருக்கு இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று நினைத்தாளாம். சின்னவனைத் தூக்கிப் பிடித்து, "அங்க பார் அப்பாவை" என்று காட்டிக் கைதட்டினாள். நானும் மேடையில் நின்று சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பின்னேரம் வான் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். என்னுடைய பெட்டி விளக்கடியில் இருந்தது. நாங்கள் நாலு பேரும் அந்தப் பெட்டியோடு கிளிநொச்சி பஸ் ஏறி வீட்டுக்குப் போனோம். கிளிநொச்சி நெருங்கும்போது ஜெயரூபி பொன்னாடையை என் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுமாதம் யோகலிங்கம் சேரிடம் போனேன். ஜோர்தான் இல்லாவிட்டால் வேறு எந்த நாடாவது பார்க்கலாம், முதலில் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். மனுசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மேடையில இருத்தின ஆளைக் கொண்டுவந்து கீழ இருத்திறதோ? அது உங்களுக்கும் மரியாதை இல்லை, நிலையத்துக்கும் மரியாதை இல்லை. நீங்கள் இனி ஒருநாளும் எங்கட பயிலுநரா இருக்கேலாது, சேர். இந்த முறையும் விளக்கை நீங்களே வந்து ஏத்தித் தாங்கோவன். கொழும்பு ஆக்கள் சொன்ன நேரத்துக்கு வாறேல்லை. நீங்கள் எண்டா சும்மாதானே இருக்கிறியள்."

சும்மாதான் இருக்கிறேன். வயலில் இன்னும் மணல் நிற்கிறது, தொழிற்சாலை கதவடைத்துவிட்டது. அதனால் போகிறேன். போனால் ஒருநேரச் சாப்பாடாவது தருகிறார்கள்.

போன கிழமை சுதர்சினி கைபேசியில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த மாத விளக்கேற்றலுக்குப் போய், பிரதம விருந்தினர் உரைக்குக் கூப்பிட்டதும் எழுதித் தந்த உரையை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பிள்ளையள், நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. ஜோர்தானுக்குப் போன பிள்ளை ஒண்டு சொன்னது. இந்தச் சான்றிதழைக் கட்டுநாயக்காவில ஒருத்தரும் கேக்கேல்லையாம். அங்க போயும் ஒருத்தரும் கேக்கேல்லையாம். பெட்டிக்குள்ளதான் கிடக்காம். நான் இது இல்லையெண்டுதான் போகாம நிண்டனான். என்ர வாழ்க்கை போச்சு. உங்களுக்கு இஞ்ச ஒரு வேலையும் இல்லை. இப்பவே எழும்பிப் போங்கோ!"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் ஒரு பெடியன் 'இப்பவே எழும்பிப் போகவும்' என்று கொப்பியில் எழுதி அடியில் கோடும் போட்டான். விமலேஸ்வரி மிஸ் மைக்கை வாங்கி, "பிரதம விருந்தினர் அவர்களின் கருத்தாழம் மிக்க உரைக்கு எமது நிலையத்தின் சார்பில் நன்றிகள்" என்றார். யோகலிங்கம் சேர் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயரூபி கேட்டாள்.

"இண்டைக்கும் பச்சையோ?"

"ஓம்."

"தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு தையல் மெசினடிக்குப் போனாள். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடப் பை கிழிந்து கிடந்தது.